பழைய பிக்கப்புக்குக் கூடுதல் மீட்டர்: மலை வண்டிக்கு எது மாட்டலாம்?

"2009 மாடல் பொலேரோ பிக்கப். மேட்டுப்பாளையத்திலிருந்து சிமெண்ட் ஏற்றிக்கொண்டு குன்னூர் ஏறினால் பானெட்டிலிருந்து சூடு அடிக்கிறது, ஆனால் மீட்டரில் முள் நடுவிலேயே நிற்கிறது. தனியாக மீட்டர் வாங்கி மாட்டலாமா?" என்று ஒருவர். "டாடா 207, பூம்பாறையிலிருந்து வடுகபட்டி சந்தைக்குப் பூண்டு இறக்குகிறோம், ஆயில் லைட் சில வளைவுகளில் மினுக்கிவிட்டு அணைகிறது, டிஜிட்டல் மீட்டர் போடலாம் என்கிறான் தம்பி, மெக்கானிக் அண்ணன் வேண்டாம் என்கிறார்" என்று இன்னொருவர். நீலகிரியோ பழனி மலையோ, பழைய பிக்கப் வைத்திருக்கிற எல்லோரும் ஏதோ ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்கிறார்கள். கடைக்குப் போனால் ஆறு விதமாகக் காட்டுவான், எல்லாமே நல்லது என்பான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை ரோட்டில் லோடு ஏற்றி ஓட்டுகிறவர் மீட்டரைப் பார்ப்பதே இல்லை. கல்லாறு தாண்டினால் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவு, கல்லட்டி வழியில் 36. வண்டி அதிகமாகச் சூடாவது சரியாக அந்த வளைவுகளில்தான்: முதல் கியர் இரண்டாவது கியரில் இன்ஜின் முக்கிக்கொண்டிருக்கும், வண்டி ஊர்வதால் ரேடியேட்டருக்குக் காற்றும் வராது. அந்த நேரத்தில் உங்கள் கண் எதிரே இறங்கி வருகிற பஸ்ஸின் மேல் இருக்குமே தவிர டாஷ்போர்டின் மேல் இருக்காது. அதனால் எந்த மீட்டர் அழகாக இருக்கிறது என்பதை விட, எது சத்தம் போட்டுக் கூப்பிடும் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

## எதை அளக்க வேண்டும்

மூன்றே மூன்று: இன்ஜின் சூடு, ஆயில் பிரஷர், பேட்டரி வோல்டேஜ். இன்ஜினைக் கொல்வது முதல் இரண்டும்தான். மூன்றாவது உங்களை நடு ரோட்டில் நிறுத்துவது.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் மலையில் கணக்கு வேறு. உயரம் 300 மீட்டர் கூடினால் தண்ணீர் கொதிக்கிற வெப்பநிலை ஏறக்குறைய 1 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரிக்குக் கொதிக்கிற தண்ணீர், 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட அதேதான். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிற வரை கவலையில்லை, 0.9 பார் மூடி நன்றாக இருந்தால் ஊட்டியிலும் 110 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால்தான் ஆபத்து: 95 டிகிரி என்று மீட்டர் சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தண்ணீர் கொதித்து வெளியே போய்க்கொண்டிருக்கும். ஆகவே எந்த மீட்டர் வாங்கினாலும் அதோடு ஒரு புது ரேடியேட்டர் மூடியும் வாங்குங்கள். மீட்டரை விட மலிவு, பல நேரம் மீட்டரை விட உபயோகம்.

ஆயில் பிரஷருக்குக் கம்பெனி கொடுக்கிற சிவப்பு லைட், பிரஷர் அரை கிலோவுக்கும் (சதுர செ.மீ.க்கு) கீழே போனால்தான் எரியும். அதாவது பிரஷர் குறைகிறது என்று அது சொல்வதில்லை, தீர்ந்துவிட்டது என்றுதான் சொல்கிறது. பூண்டுக்காரர் சொன்ன மினுக்கல் இதுதான்: சம்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) ஆயில் குறைவாக இருக்கிறது, சரிவிலும் வளைவிலும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, பம்ப் ஒரு நொடி காற்றை உறிஞ்சுகிறது. முள் மீட்டர் இருந்தால் லைட் மினுக்குவதற்கு ரொம்ப முன்பே முள் சரிந்து சரிந்து எழுவது தெரியும். (அண்ணே, அதற்கு முன்னால் ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பாருங்கள், செலவே இல்லை.)

வேறு என்னவெல்லாம் விற்கிறார்கள்? டர்போ பூஸ்ட், புகைக்குழாய்ச் சூடு, ஆர்பிஎம். கம்பெனி செட்டிங்கில் ஓடுகிற வண்டிக்கு மூன்றும் வேண்டாம். புகைக்குழாய்ச் சூட்டு மீட்டருக்கு இன்ஜினிலிருந்து புகை வெளியேறுகிற மேனிஃபோல்டில் துளை போட வேண்டும், அந்த இரும்புத் தூள் டர்போவுக்குள் போனால் டர்போ காலி. டீசல் பம்ப்பைத் திருகி பவர் ஏற்றி வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் அது தேவைப்படும், அவர்களுக்கு முதலில் தேவை திருகியதைத் திரும்ப இறக்குவது.

பிரேக் மிதியை இலகுவாக்குகிற வாக்குவத்தை அளக்கிற மீட்டர் ஒன்றைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனது. பல பழைய டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குப் பின்னாலேயே வாக்குவம் பம்ப் இருக்கும், பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், பிரேக் பூஸ்டருக்கான வாக்குவமும் போகும். இறக்கத்தில் இது தெரிந்தால் நல்லதுதான். ஆனால் மீட்டருக்காகப் பிரேக் ஹோஸை வெட்டி டி (மூன்று வழி இணைப்பு) போட்டு, அந்த ஜாயிண்டே நாளைக்குக் கசிந்தால்? வோல்ட்மீட்டர் வைத்துக்கொண்டால் பெல்ட் அறுந்தது அதிலேயே தெரிந்துவிடும், பிரேக் லைனில் கை வைக்க வேண்டாம். அப்படியும் மாட்டுவேன் என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஊட்டியில் காற்றழுத்தமே கீழே இருப்பதில் முக்கால் பங்குதான், அதனால் வாக்குவம் முள்ளும் மேலே போகப்போகக் குறைவாகத்தான் காட்டும், பம்ப் போய்விட்டது என்று பிரித்துப் போட்டுவிடாதீர்கள்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

- கூப்பிடுமா: அபாயம் வந்தால் சத்தம் போடுமா, நாம்தான் குனிந்து பார்க்க வேண்டுமா?
- தண்ணீர் போனாலும் சொல்லுமா: இதைக் கடைக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள். சாதாரண சூட்டு சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டால் சென்சார் காற்றில் தொங்கும், முள் கீழே கூட இறங்கும். அதே நேரம் இன்ஜினின் மேல் பகுதியான ஹெட் வெந்துகொண்டிருக்கும்.
- புதிதாக எத்தனை ஜாயிண்ட்: ஒவ்வொரு டி ஜாயிண்டும் நாளைய கசிவு, ஒவ்வொரு ஒயரும் நாளைய ஷார்ட்.
- யார் பழுது பார்ப்பார்: கோத்தகிரியிலோ பெருமாள்மலையிலோ இருக்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியனால் முடியுமா, சென்சார் ஒன்றுக்காகக் கோவையோ திண்டுக்கல்லோ இறங்க வேண்டுமா?
- பனிமூட்டத்தில் கண்ணைக் கூசுமா.
- உண்மையான செலவு: பொருள் விலை, கூலி, ஃபிட்டிங், வண்டி நிற்கிற நாளின் வாடகை நஷ்டம் எல்லாம் சேர்த்து.

## 1. இருக்கிற மீட்டரையே சரிசெய்வது

யாரும் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை, ஆனால் வரிசையில் முதலில் வைக்க வேண்டியது இதுதான். பழைய வண்டியில் சூட்டு மீட்டர் பொய் சொல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் எர்த். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகிற எர்த் பட்டை துருப்பிடித்திருக்கும், சென்சார் முனையில் பச்சை பூத்திருக்கும், அல்லது யாரோ சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பை அள்ளிச் சுற்றியிருப்பார்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு மரைதான் எர்த், அதை டேப்பால் மூடினால் மீட்டர் எப்படிச் சரியாகக் காட்டும்?

இன்னொரு சோதனை. ரொம்பப் பழைய ஜீப் வகை வண்டிகளில், டீசல் மீட்டரும் ஹீட் மீட்டரும் ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் காட்டினால் இரண்டு சென்சாரும் சேர்ந்து கெட்டுவிட்டன என்று நினைக்காதீர்கள், மீட்டர் செட்டுக்குப் பின்னால் இருக்கிற வோல்டேஜ் ஸ்டெபிலைசர் போயிருக்கும். ஒரே ஒரு சின்னப் பொருள்.

மறைமுகச் செலவு என்று பெரிதாக இல்லை, பழைய பிளாஸ்டிக் கிளிப் உடைவதைத் தவிர. குறை என்னவென்றால், சரியாகிவிட்ட பிறகும் அது கம்பெனி மீட்டர்தான். எண் கிடையாது, பல வண்டிகளில் முள் வேண்டுமென்றே மந்தமாக வைக்கப்பட்டிருக்கும், கணிசமான ஏற்ற இறக்கத்துக்கும் நடுவிலேயே நிற்கும். ஆயில் பிரஷருக்கு லைட் மட்டும்தான். கூப்பிடாது.

## 2. மெக்கானிக்கல் மீட்டர்

கரண்டே வேண்டாத வகை. சூட்டு மீட்டரில் நீளமான செம்புக் குழாயின் முனையில் ஒரு குமிழ் இருக்கும், அதற்குள் இருக்கிற திரவம் சூட்டில் ஆவியாகி அழுத்தம் கொடுக்க, அந்த அழுத்தத்தில் முள் நகரும். ஆயில் மீட்டரில் இன்னும் நேரடியாக, இன்ஜின் ஆயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக டாஷ்போர்டு வரை வந்து முள்ளைத் தள்ளும். பேட்டரி செத்தாலும் காட்டும், எர்த் பிரச்சினை இல்லை, துல்லியமும் நன்றாக இருக்கும். சூட்டு மீட்டர் மலை உச்சியில் ஓரிரண்டு டிகிரி கூடக் காட்டும், வெளிக் காற்றழுத்தம் குறைவதால், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பழைய மெக்கானிக்குகளுக்கு இதன் மேல் ஒரு பாசம் உண்டு, நியாயமான பாசம். ஆனால் கணக்குப் பார்க்க வேண்டிய இடங்கள் சில. சூட்டு மீட்டரின் குழாயை வெட்டவோ ஒட்டவோ முடியாது, குமிழ், குழாய், மீட்டர் மூன்றும் ஒரே துண்டு. ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கிற தகடு) குமிழ் நுழைகிற அளவுக்குப் பெரிய துளை போட வேண்டும், ஒரு இடத்தில் மடங்கினாலும் மொத்தமும் குப்பை. ஆயில் மீட்டரிலோ, கொதிக்கிற ஆயில் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. நம் ரோட்டு அதிர்வில் மலிவு நைலான் குழாய் உரசி உரசி அறுந்தால் கேபினுக்குள் சூடான ஆயில் பீய்ச்சும், அதே நேரத்தில் இன்ஜினும் ஆயிலை இழந்துகொண்டிருக்கும். செம்புக் குழாய் போட்டாலும் இன்ஜின் ஆடுவதற்கு இடம் கொடுத்து இரண்டு சுருள் விட்டுத்தான் போட வேண்டும், நேராக இழுத்துக் கட்டினால் விரிசல் விடும்.

சத்தம் போடாது. ஜெனரேட்டருக்கும் டிராக்டருக்கும் அருமையான பொருள். மூடிய கேபின் உள்ள லோடு வண்டிக்கு, சூட்டு மீட்டர் மட்டும் மெக்கானிக்கலாக இருக்கலாம், ஆயில் மீட்டர் வேண்டாம் என்பேன்.

## 3. எலக்ட்ரிக் முள் மீட்டர்

52 மி.மீ. வட்ட மீட்டர், தனி சென்சார், நடுவே ஒயர். ஆயில் கேபினுக்குள் வராது. நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாராக இருந்தாலும் மாட்டத் தெரியும், ஒயர் அறுந்தால் ரோட்டோரத்திலேயே முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான பேருக்கு நான் சொல்வது இதைத்தான்.

எங்கே ஏமாறுவீர்கள் என்றால் சென்சாரில். மீட்டரும் சென்சாரும் ஜோடிப் பொருத்தம் பார்த்து வாங்க வேண்டும். ஆயில் பிரஷர் சென்சாரில் 10-லிருந்து 180 ஓம் வரை போகிற வகை ஒன்று, 240-லிருந்து 33 ஓம் வரை தலைகீழாக இறங்குகிற வகை ஒன்று. மீட்டரை ஒரு கடையிலும் சென்சாரை இன்னொரு கடையிலும் வாங்கினால் பிரஷர் ஏறும்போது முள் இறங்குகிற வேடிக்கையெல்லாம் நடக்கும். வாங்கும்போதே இன்னொரு சென்சார் சேர்த்து வாங்கி டாஷ்போர்டு டப்பாவில் போட்டு வைப்பது நல்லது, மீட்டரை விடச் சென்சார்தான் முதலில் போகும்.

இரண்டாவது, மரை. வண்டியின் பிளாக்கில் ஒரு மரை, சென்சாரில் வேறு மரை. கொஞ்சம் பொருந்துகிற மாதிரி இருக்கிறதே என்று ஸ்பேனர் போட்டு இறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும், அதற்கு ஆகிற செலவுக்கு நாலு மீட்டர் வாங்கலாம். சிவப்பு லைட்டை எரியவைக்கிற பழைய ஆயில் சுவிட்சைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய் அளவு பார்த்து அடாப்டர் வாங்குங்கள். மேலே சொன்ன பழைய ஆயில் சுவிட்சைத் தூக்கி எறியாமல், டி போட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், சிவப்பு லைட்டும் இருக்கட்டும். கனமான சென்சாரை பித்தளை டி-யில் நேரடியாகத் தொங்கவிட்டால் டீசல் இன்ஜினின் ஆட்டத்தில் கழுத்து முறியும். சின்ன ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று போட்டு, சென்சாரை ஃபயர்வாலில் கிளாம்ப் அடித்து, அங்கிருந்து எர்த் ஒயர் தனியாக இழுப்பதுதான் நிலைக்கும்.

மலிவு ரகங்களில் சத்தம் போடும் வசதி இருக்காது. கொஞ்சம் விலை கூடிய ரகங்களில் பஸர் உண்டு.

## 4. டிஜிட்டல் டிஸ்ப்ளே

ஒரே சதுரத்தில் சூடு, பிரஷர், வோல்டேஜ் எல்லாம் எண்ணாக வரும், நாமே வைக்கிற அளவைத் தாண்டினால் கத்தும். என் முதல் கேள்விக்கு முழு மதிப்பெண். தம்பி சொன்னது தப்பில்லை.

மெக்கானிக் அண்ணன் ஏன் வேண்டாம் என்றார் என்பதும் புரிகிறது. சென்சார் போனால் அதே கம்பெனியின் அதே சென்சார்தான் வேண்டும், பல நேரம் ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும், பெயரே இல்லாத பெட்டி என்றால் அதுவும் கிடைக்காது, மொத்தத்தையும் மாற்ற வேண்டும். இந்தப் பெட்டிகளோடு வருகிற சூட்டு சென்சாரை மாட்ட, ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி நடுவே ஒரு அலுமினிய இணைப்பு வைக்கிறார்கள். நல்ல ஹோஸை வெட்டி இரண்டு கிளாம்ப் சேர்க்கிறீர்கள், இரண்டு புதுக் கசிவு இடம். தவிர ரப்பர் ஹோஸுக்கு நடுவில் தொங்குகிற உலோகத்துக்கு எர்த் ஏது? ஒற்றை ஒயர் சென்சார் என்றால் அந்த இணைப்பிலிருந்து பாடிக்குத் தனி எர்த் ஒயர் கட்டாயம், இதை மறந்துவிட்டு "மீட்டர் டூப்ளிகேட்" என்று கடைக்காரனோடு சண்டை போடுகிறவர்கள் நிறைய. இன்னொன்று, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரைத் தடுத்து வைக்கிற வால்வு) திறக்கும் வரை மேல் ஹோஸில் சூடான தண்ணீர் ஓடாது, அதனால் காலையில் கொஞ்ச நேரம் எண் குறைவாகவே நிற்கும்.

வெளிச்சம் ஒரு தனிப் பிரச்சினை. சமவெளியில் அழகாகத் தெரிகிற நீல எண்கள், இரவில் லவ்டேல் பக்கம் மூட்டத்தில் ஓட்டும்போது கண்ணாடியில் பிரதிபலித்து உயிரை எடுக்கும். வெளிச்சம் குறைக்கிற பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிவப்பு, ஆம்பர் நிற எண்கள் கண்ணுக்கு எவ்வளவோ மேல்.

## 5. ஓபிடி பிளக்கும் போனும்

மலிவு, துளை கிடையாது, ஒயர் கிடையாது. புளூடூத் பிளக்கை டாஷ்போர்டுக்குக் கீழே ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கணினியைப் படிக்கிற சாக்கெட்) சொருகினால் போனில் எல்லாம் வரும் என்று வீடியோவில் காட்டுவார்கள். அதற்கு முன் உங்கள் வண்டியில் அந்த சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். பிஎஸ்-4 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி 2010 ஏப்ரலில் வந்தது 13 பெரிய நகரங்களுக்கு மட்டும்தான், நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். அதனால் டிஎன் 43 (நீலகிரி) நம்பரில் 2012-ல் வாங்கிய பிக்கப் கூட பிஎஸ்-3 ஆக, மெக்கானிக்கல் டீசல் பம்ப்போடு, இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கணினியான இசியு எதுவும் இல்லாமல் இருக்கலாம். இசியு இல்லாத வண்டியில் இந்த பிளக்குக்கு வேலையே இல்லை.

சிஆர்டிஇ (இசியு கட்டுப்படுத்துகிற காமன் ரெயில் டீசல்) இன்ஜின் உள்ள வண்டி என்றால் சூடும் வோல்டேஜும் வரும், வண்டி ஏற்கனவே நம்புகிற சென்சாரிலிருந்தே வருவதால் எண் சரியாகவும் இருக்கும், ஆப்பில் அலாரமும் வைக்கலாம். ஆயில் பிரஷர் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இருப்பது வெறும் சுவிட்ச். பிளக்கைச் சொருகியே விட்டால் வண்டி நிற்கிற நாட்களில் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், ஜனவரி உறைபனிக் காலையில் க்ளோ பிளக்குக்குக் கரண்ட் போதாமல் நிற்கும்போதுதான் அது தெரியும். போனுக்கு அழைப்பு வந்தால் மீட்டர் மறைந்துபோவதையும் கணக்கில் வையுங்கள்.

## 6. மீட்டரே வேண்டாம், அலாரம் மட்டும்

இதை விளம்பரம் செய்வாரில்லை, எனக்கு ரொம்பப் பிடித்தது இது. ஹெட்டில் இருக்கிற சின்ன பிராக்கெட் போல்ட் ஒன்றிலோ காலி மரையிலோ ஒரு வளைய சென்சார், அதிலிருந்து சின்னப் பெட்டிக்கு ஒயர், அளவைத் தாண்டினால் காது கிழிகிற பஸர். அது அளப்பது தண்ணீரின் சூட்டை அல்ல, இரும்பின் சூட்டை. அதனால் தண்ணீர் முழுக்கக் கொட்டிய பிறகும் சொல்கிறது, இரண்டாவது கேள்வியில் தேறுகிற ஒரே பொருள் இதுதான். எந்தத் தண்ணீர்க் குழாயையும் வெட்ட வேண்டாம். ஒரு எச்சரிக்கை: அளந்து இறுக்கியிருக்கிற ஹெட் போல்ட்டைச் சென்சாருக்காகத் தளர்த்தவே கூடாது, பக்கத்தில் இருக்கிற சின்ன பிராக்கெட் போல்ட் போதும்.

ஆயிலுக்கும் இதே மாதிரி செய்யலாம். சிவப்பு லைட்டுக்குப் போகிற ஒயரிலேயே ஒரு பஸர் சேர்த்துவிட்டால் லைட் எரியும்போதெல்லாம் கத்தும், எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. அரை கிலோவுக்குக் கீழேதான் கத்தும் என்பது உண்மை, ஆனாலும் வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் எரிகிற லைட்டை விட இது எவ்வளவோ மேல்.

குறை? வரப்போவதைக் காட்டாது. சூடு மெல்ல ஏறுகிறதா, மாதத்துக்கு மாதம் பிரஷர் இறங்குகிறதா என்று தெரியாது. ஊருக்குள் நாய் குரைக்கிற மாதிரி, கள்வன் வந்த பிறகுதான் சத்தம்.

## ஒரே பார்வையில்

| வழி | கூப்பிடுமா | தண்ணீர் போனால் | புது ஜாயிண்ட் | உள்ளூரில் பழுது | செலவு |
|---|---|---|---|---|---|
| பழைய மீட்டர் சரிசெய்தல் | இல்லை | நம்ப முடியாது | இல்லை | சுலபம் | மிகக் குறைவு |
| மெக்கானிக்கல் | இல்லை | நம்ப முடியாது | ஆயில் குழாய் | மெக்கானிக் போதும், மடங்கினால் முழுதும் மாற்ற வேண்டும் | நடுத்தரம் |
| எலக்ட்ரிக் முள் | சில ரகங்களில் | நம்ப முடியாது | ஆயில் டி ஒன்று | சுலபம் | நடுத்தரம், அடாப்டர் கூலி தனி |
| டிஜிட்டல் | ஆம் | நம்ப முடியாது | ஹோஸ் வெட்டு, ஆயில் டி | கடினம் | நடுத்தரம் முதல் அதிகம் |
| ஓபிடி, போன் | ஆப்பில் வைத்தால் | நம்ப முடியாது | இல்லை | தேவையில்லை, புதிது வாங்கலாம் | குறைவு |
| அலாரம் மட்டும் | ஆம் | சொல்லும் | இல்லை | சுலபம் | குறைவு |

## யாருக்கு எது

வாரத்துக்கு ஓரிரு நடை தேயிலைக் கொழுந்து ஏற்றி ஃபேக்டரிக்குப் போய்வருகிற தோட்டத்து வண்டி: பழைய மீட்டரைச் சரிசெய்து, ஹெட் அலாரம், ஆயில் பஸர், முடிந்தது. அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள்.

தினமும் மேட்டுப்பாளையம் மண்டி, வத்தலக்குண்டு, பழனி என்று ஏறி இறங்குகிற வாடகை வண்டி: எலக்ட்ரிக் ஆயில் முள் மீட்டர், வோல்ட்மீட்டர், அதோடு ஹெட் அலாரம். முள் தேய்மானத்தைக் காட்டும், அலாரம் விபத்தைச் சொல்லும், இரண்டும் வேறு வேறு வேலை. வோல்ட்மீட்டர் சில நூறு ரூபாய்தான், நின்றால் 12.6, ஓடினால் 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். பழைய ஜீப்பில் இருக்கிற மாதிரி ஆம்மீட்டர் வேண்டாம், சார்ஜ் கரண்ட் முழுக்க டாஷ்போர்டு வழியாகப் போய்வரும், ஒயர் உரசினால் தீ.

ஓட்டுநர் வைத்து ஓட்டுகிற முதலாளி என்றால் டிஜிட்டலுக்கு ஒரு நியாயம் இருக்கிறது, உச்சகட்ட சூட்டை நினைவில் வைக்கிற ரகம் வாங்கினால் சாயங்காலம் வண்டி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம். இதை ஓட்டுநரிடம் சொல்லிவிட்டே மாட்டுங்கள், வேவு பார்க்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. சிஆர்டிஇ வண்டி, சொந்த உபயோகம் என்றால் ஓபிடி பிளக் வாங்கிப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

இன்ஜின் வேலைக்கே வந்துவிட்ட வண்டிக்கு இப்போது எதுவும் மாட்டாதீர்கள். வேலை நடக்கும்போது, இன்ஜின் வெளியே இருக்கையில், சென்சாருக்கு நல்ல இடம் பார்த்து மாட்டிவிடலாம், கூலியும் மிச்சம்.

## மாட்டும்போது

டாஷ்போர்டை வெட்ட வேண்டாம், கீழே ஒரு தகட்டு பிராக்கெட் போதும், ஆனால் கியர் லிவரிலும் முழங்காலிலும் இடிக்காத இடமாக. சாவி சுவிட்சின் ஒயரைச் சுரண்டி முறுக்குவதை அனுமதிக்காதீர்கள், தனி ஃப்யூஸ், ஃபயர்வால் துளையில் ரப்பர் குரோமெட், ஒயருக்கு மேல் உறை. மலையில் ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு எலி ஒரு நிரந்தர விருந்தாளி. ஸ்பீடோமீட்டர் கேபிளை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எட்டு வருடம் தாண்டிய வாடகை வண்டிக்கு வருடாவருடம் எஃப்சி, ஸ்பீடோமீட்டர் ஓடாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள்.

மாட்டியதும் காலி வண்டியில் ஒரு முறை, முழு லோடில் ஒரு முறை மலை ஏறி, எந்த இடத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சூடான பிறகு ஐட்லிங்கில் 1 கிலோ, மிதித்தால் 3 கிலோ பக்கம் என்பது பல டீசல்களுக்குச் சரியாக இருக்கும், ஆனால் உங்கள் வண்டியின் சாதாரண எண் எது என்பதுதான் முக்கியம். அதிலிருந்து இறங்கினால்தான் செய்தி. தண்ணீர்ச் சூட்டு அலாரத்தை 100 முதல் 105 டிகிரிக்குள் வைக்கலாம். ஹெட் சென்சாருக்கு அந்தக் கணக்கு ஆகாது, முழு லோடில் ஏறும்போது கத்தாமல் இருக்கிற மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்து, அதற்கு மேல் 10 டிகிரி சேர்த்து வையுங்கள்.

அலாரம் கத்தினால் என்ன செய்வது என்பது இரண்டுக்கும் வேறு. ஆயில் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஓரம் கட்டி அந்த நொடியே இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். சூடு என்றால் ஓரம் கட்டி நியூட்ரலில் ஐட்லிங்கில் விடுங்கள், ஃபேனும் வாட்டர் பம்ப்பும் சுற்றினால்தான் சூடு இறங்கும். வோல்ட்மீட்டரும் சேர்ந்து கீழே போயிருந்தாலோ, கீழே தண்ணீர் கொட்டுவது தெரிந்தாலோ, பெல்ட் அல்லது ஹோஸ் போய்விட்டது, அப்போது உடனே ஆஃப். இன்ஜின் நின்றபின் பிரேக் இரண்டு மூன்று மிதிக்கு மேல் இலகுவாக இருக்காது, அதனால் ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகு பானெட்டைத் திறங்கள். ரேடியேட்டர் மூடியைக் குறைந்தது அரை மணி நேரம் தொடாதீர்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள், மூட்டத்தில் பைக்கில் வருகிறவனுக்கு அது தெரியாது.